மக்காச்சோளம் விதைக்கும் முன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்: நான் இழந்த ஒரு பருவம்

விதைத்த பதினோராம் நாள் காலையில்தான் முதலில் கவனித்தேன். வரிசையில் ஆங்காங்கே பல் விழுந்த மாதிரி இடைவெளி. ஐந்து ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருந்தேன். இரண்டு ஏக்கர் பல வருடங்களாகப் பயிர் வைத்துப் பழகிய நிலம். மீதி மூன்று ஏக்கர் ஏழெட்டு வருடமாகப் புல் மட்டுமே கிடந்த மேய்ச்சல் தரை. அந்த வருடம்தான் முதன்முறையாக உழுதேன். புல் கிடந்த மண்ணில் சத்து சேர்ந்திருக்கும், முதல் போகம் அள்ளிக் கொடுக்கும் என்று நம்பித்தான் கடன் வாங்கி விதை எடுத்தேன். ஆறாம் நாள் முளை எட்டிப் பார்த்தபோதே சில இடங்கள் பின்தங்கி இருந்தன. விதை கொஞ்சம் ஆழமாக விழுந்திருக்கும், இரண்டு நாளில் வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அந்த இரண்டு நாள் அலட்சியத்தை நினைத்தால் இன்றும் மனது வலிக்கிறது.

அடுத்த பத்து நாள் நான் செய்தது எல்லாமே தவறு. முதலில் பறவை பொறுக்கியிருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் காலையிலும் மாலையிலும் காவல் நின்றேன். அப்புறம் முளைத்த செடிகளிலேயே சிலவற்றில் நடுக்குருத்து மட்டும் வாடித் தொங்க ஆரம்பித்தது. சுற்றியுள்ள இலைகள் பச்சையாகவே இருந்தன. தண்ணீர் போதவில்லை என்று பாய்ச்சினேன். தேறவில்லை. சத்துக் குறை என்று யூரியா வைத்தேன். அதற்கும் அசையவில்லை. குருத்துப் பூச்சியாக இருக்கும், இலை நனைய மருந்து அடி என்று ஒருவர் சொன்னார். பதினேழாம் நாள் ஒரு முறை, இருபதாம் நாள் இன்னொரு முறை அடித்தேன். இரண்டு தெளிப்புக்கு மருந்து, ஆள் கூலி, ஒரு நீர், ஒரு உரம், எல்லாம் போனது. தினமும் காலையில் போய்ப் பார்த்தால் முந்தின நாளைவிட நாலைந்து செடி குறைந்திருக்கும். வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் 'கொஞ்சம் பாடு விழுந்திருக்கு, தேறிடும்' என்று சொல்லிச் சமாளித்தேன். இரவில் தூக்கம் வரவில்லை.

இருபத்தோராம் நாள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய், முளைக்காத ஓர் இடத்தில் மண்ணை மெதுவாகக் கிளறினேன். விதை இருந்தது. விரலால் அழுத்தியதும் பொசுக்கென்று உள்ளே போனது. மேல்தோல் அப்படியே இருக்க, உள்ளே இருந்த மாவும் முளைக்கருவும் காலி. பக்கத்தில் குருத்து வாடிய ஒரு செடியை வேரோடும் மண்ணோடும் பெயர்த்தெடுத்து மண்ணை உதிர்த்தேன். விதைக்கும் தரை மட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைத் தண்டில் குண்டூசித் தலை அளவு ஓட்டை. அதற்குள் பாதி உடம்பை நுழைத்தபடி ஒரு புழு. செம்பு கலந்த மஞ்சள் நிறம், வழவழப்பு, இரண்டு சென்டிமீட்டர் நீளம். நகத்தால் கிள்ளினேன், நசுங்கவே இல்லை, கம்பித் துண்டு மாதிரி விறைப்பாக இருந்தது. அதனால்தான் அதற்குக் கம்பிப்புழு என்று பெயர். பத்து நாளாக நான் இலையை அண்ணாந்து பார்த்து மருந்து அடித்துக்கொண்டிருந்தேன், அது ஒரு சாண் கீழே இருந்து தின்றுகொண்டிருந்தது. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

இதை அடையாளம் காண்பதில் குழப்பம் வரும். ஈரமண்ணில் மரவட்டைக் குட்டிகளும் இதே நிறத்தில் கிடைக்கும். தொட்டதும் சுருண்டுகொண்டு, உடம்பு முழுக்கக் கால் இருந்தால் அது மரவட்டை. கம்பிப்புழுவுக்குத் தலைக்குப் பக்கத்தில் மூன்று ஜோடிக் கால்கள் மட்டும்தான், எளிதில் சுருளாது. மல்லாத்திப் போட்டால் 'டிக்' என்று சத்தம் போட்டுத் துள்ளி நிமிரும் ஒரு நீளமான பழுப்பு வண்டு உண்டே, அதன் புழுப் பருவம் இது. அந்த வண்டு புல்லும் களையும் அடர்ந்த தரையில் முட்டையிட விரும்பும். புழு, இனத்தைப் பொறுத்து இரண்டு முதல் ஐந்தாறு வருடம்கூட மண்ணுக்குள்ளேயே வாழும். அதாவது என் மேய்ச்சல் தரையில் அது வருடக்கணக்கில் புல்வேரைத் தின்று பெருகியிருந்தது. நான் புல்லை உழுது அழித்துவிட்டு, பசியோடு இருந்த அத்தனை புழுவுக்கும் வரிசை வரிசையாக விதையை ஊன்றி வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே இருந்த பழைய இரண்டு ஏக்கரில் இந்தப் புழு ஏறக்குறைய இல்லவே இல்லை. அந்த வித்தியாசத்தை முதல் வாரமே யோசித்திருந்தால் விடை கையில் இருந்திருக்கும்: ஒரே விதை, ஒரே நாள், ஒரே தண்ணீர், நிலத்தின் பழைய வரலாறு மட்டும் வேறு.

இன்னொரு ஏமாற்றமும் அன்றுதான் தெரிந்தது. விதை சிவப்பாக இருந்ததைப் பார்த்து, பூச்சிக்கும் சேர்த்து மருந்து பூசி நேர்த்தி செய்த விதை என்று நினைத்திருந்தேன். பையில் ஒட்டியிருந்த அட்டையைத் தேடி எடுத்துப் படித்தால் பூஞ்சாணக் கொல்லி மட்டும்தான். நிறம் எதற்கும் அத்தாட்சி இல்லை. எந்த மருந்து, எதற்கு என்பதை விதை வாங்கும்போதே அட்டையில் படியுங்கள்.

மறுநாள் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதில் என்னை உடைத்துப் போட்ட செய்தி ஒன்று. கம்பிப்புழுவோ, வேரைத் தின்னும் வெள்ளை வேர்ப்புழுவோ தாக்கிய பிறகு, மேலே தெளித்துப் பயிரைக் காப்பாற்றும் மருந்து கிடையாது. தெளிப்பது மண்ணின் மேற்பரப்பிலேயே நின்றுவிடும், புழு இருக்கும் ஆழத்துக்கு வேண்டிய அளவு இறங்காது. விதையோடு சேர்த்து அல்லது விதைக்கும் சாலிலேயே போடுவதுதான் வேலை செய்யும். ஆக, முடிவெடுக்க வேண்டிய நாள் விதைக்கும் நாளுக்கு முன்பே போய்விட்டது. இலை வாடிய பிறகு நம் கையில் மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: இருப்பதை வைத்துக்கொள்வதா, மறுபடி விதைப்பதா?

அந்தக் கேள்விக்குக் கண்மதிப்பில் பதில் சொல்லாதீர்கள். மனசு சரியில்லாதபோது பத்து செடி போனாலும் வயலே போனமாதிரி தெரியும். எண்ணுங்கள். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர் என்றால், ஒரு வரிசையில் 6.75 மீட்டர் நீளம் ஓர் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 75 சென்டிமீட்டர் வரிசை என்றால் 5.4 மீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு கயிறை வெட்டிக்கொண்டு, வயலின் பல இடங்களில் போட்டு, உயிரோடு இருக்கும் செடியை எண்ணி ஆயிரத்தால் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை செடி என்று கிடைத்துவிடும். 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் முழு வயல் என்றால் கயிற்றுக்கு 27 செடி. பழைய நிலத்தில் எனக்கு 25, 26, 24 என்று வந்தது. மேய்ச்சல் தரையில் ஓர் ஏக்கரில் 19, 21, 18. மற்ற இரண்டு ஏக்கரில் 14, 11, 8, ஒரு இடத்தில் 5.

பத்தொன்பது இருபது இருந்த ஏக்கரை அப்படியே விட்டேன். அது சரியான முடிவு. மற்ற இரண்டில் ஓர் ஏக்கரில் நான் செய்தது பெரிய தவறு. விடுபட்ட இடங்களில் மட்டும் ஆள் வைத்துக் கையால் விதை ஊன்றினேன். மூன்று நாள் ஆள் கூலி. மூன்று வாரம் முந்திய செடிகளுக்கு நடுவே முளைத்த அந்தப் பிள்ளைகள் வெயிலே பார்க்காமல் வளர்ந்தன. உயர்ந்தன, மெலிந்தன, பூ எடுத்தன. பெரும்பாலானவற்றில் கதிர் பிடிக்கவில்லை. தண்ணீரையும் உரத்தையும் மட்டும் பங்கு போட்டுக்கொண்டன. மக்காச்சோளம் நெல் மாதிரி தூர் கட்டி இடத்தை நிரப்பிக்கொள்ளாது, அதனால் இடைவெளியை நிரப்பத் தோன்றுவது இயல்புதான். ஆனால் பக்கத்துச் செடியைவிட இரண்டு மூன்று இலை பின்தங்கினாலே அந்தச் செடியிடம் கதிரை எதிர்பார்க்க முடியாது. நிரப்புவதென்றால் முளைத்த முதல் சில நாளுக்குள்; தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள், அல்லது முழுசாக உழுதுவிட்டு மறுபடி விதையுங்கள்.

இன்னொரு ஏக்கரை முழுசாக உழுதுதான் விதைத்தேன், இந்த முறை பூச்சிக்கும் நேர்த்தி செய்த விதை. அதற்குள் வெயில் ஏறி மேல்மண் சூடாகிவிட்டது. மண் சூடேறிக் காய்ந்தால் இந்தப் புழு கீழே இறங்கிவிடும். ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும்போதுதான் மேலே வந்து மேயும். சூட்டில் விதையும் வேகமாக முளைத்துத் தப்பியது. கயிற்றுக்கு 21, 22 வந்தது. ஆனால் பருவம் ஒரு மாதத்துக்கு மேல் பின்தள்ளிப் போனது. கடைசியில், அந்த மூன்று ஏக்கரிலும் சேர்த்துக் கிடைத்த மகசூல் பக்கத்தில் இருந்த இரண்டு ஏக்கரில் கிடைத்ததைவிடக் குறைவு. மேய்ச்சல் தரையில் பாதிக்கு மேல் விதை இரண்டு முறை வாங்கினேன், அங்கே கூலி மூன்று முறை கொடுத்தேன். கடன் அடைய அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் கலவரத்துக்கு நடுவில் பழைய நிலத்தின் ஓரத்திலும் செடிகள் சாய்ந்து கிடந்தன. அதுவும் கம்பிப்புழுதான், இனி என்ன செய்து என்ன என்று மனம் விட்டுப்போனது. நல்லவேளை, குனிந்து பார்த்தேன். இங்கே செடி வாடவில்லை. தரையை ஒட்டிக் கத்தரியால் நறுக்கின மாதிரி வெட்டுப்பட்டுக் கிடந்தது. வெட்டுப்பட்ட செடிக்குப் பக்கத்தில் இரண்டு விரல் ஆழம் கிளறியதும், எண்ணெய் பூசினாற்போல மினுக்கும் கருஞ்சாம்பல் புழு ஒன்று வளையமாகச் சுருண்டு கிடந்தது. வெட்டுப்புழு. பகலில் மண்கட்டிக்கு அடியில் தூங்கும், இரவில் வெளியே வந்து அறுக்கும். அன்று இரவு ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். செடியின் அடியில் வாயை வைத்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஒரு தண்டை அறுத்து, ஒரு நுனியை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த ஓரத்தில் விதைப்பதற்கு முன் களை மண்டிக் கிடந்தது. தாய் அந்துப்பூச்சி களையில்தான் முட்டையிட்டிருக்கிறது. விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே களையை அழித்திருந்தால் பொரித்த புழு பட்டினியில் செத்திருக்கும். நான் விதைக்கும் நாளுக்கு முந்தின நாள்தான் உழுதேன்.

வெட்டுப்புழுவின் கதை வேறு, இதைக் காப்பாற்ற முடியும். நூறு செடியில் மூன்று முதல் ஐந்து வெட்டுப்பட்டு, புழு இன்னும் சின்னதாக, இரண்டரை சென்டிமீட்டருக்குள் இருந்தால் அப்போது மருந்து அடிப்பதில் பொருள் உண்டு. நாலு ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டால் அது சீக்கிரமே கூட்டுப்புழுவாகப் போகிறது. பிறகு அடித்துப் பயனில்லை. அந்த ஓரப் பட்டைக்கு மட்டும், பொழுது சாயும் நேரத்தில், அடித்தண்டும் மண்ணும் நனைய அடித்தேன். இரண்டு நாளில் நின்றது. வெட்டுப்பட்ட செடிகளிலும் பாதிக்கு மேல் மறுபடி துளிர்த்தன, ஏனென்றால் மக்காச்சோளத்துக்கு ஐந்தாறு இலை வரும்வரை வளர்முனை மண்ணுக்குக் கீழேதான் இருக்கும். மண் மட்டத்துக்குக் கீழே அறுபட்டவை மட்டும் போயின. ஒரு விஷயம் கவனியுங்கள்: படைப்புழுவும் சில நேரம் இளஞ்செடியை இப்படி அறுக்கும். தலையில் தலைகீழான ஒய் வடிவக் கோடும் வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளியும் இருந்தால் அது படைப்புழு.

இப்போது வயலில் ஏதாவது வாடினால் நான் செய்யும் முதல் வேலை, செடியைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்ப்பது. சுலபமாகக் கையோடு வந்துவிட்டால் வேர் இல்லை என்று அர்த்தம். கீழே தோண்டினால் பழுப்புத் தலையோடு சி எழுத்து மாதிரி வளைந்த கொழுத்த வெள்ளை வேர்ப்புழு இருக்கும். அந்தச் செடிகளின் இலை ஊதா நிறம் காட்டும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறை என்று தோன்றும், உண்மையில் சத்தை உறிஞ்ச வேர் இல்லாததுதான் காரணம். செடி உறுதியாக நின்று நடுக்குருத்து மட்டும் வாடியிருந்தால் தண்டின் அடியில் ஓட்டை தேடுவேன். தண்டின்மேல் மண் பூச்சு ஏறியிருந்தால் கரையான். தண்ணீரின்றிக் காய்ந்து கிடக்கும் நிலத்திலும் மக்காத எருவும் தட்டையும் கிடக்கும் இடத்திலும் அது வரும். மக்காத எருவை வயலில் போடுவதையே நிறுத்திவிட்டேன். வேர்ப்புழுவின் வண்டு முட்டையிடத் தேடி வருவதும் அதைத்தான்.

பயிரை மாற்றிப் போடு, புழு போய்விடும் என்று எனக்கும் சொன்னார்கள். எந்தப் புழு என்று கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். அமெரிக்காவிலும், 1992-ல் பெல்கிரேடு அருகே முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு ஐரோப்பாவிலும் பெரும் நாசம் செய்யும் டயப்ரோட்டிகா என்ற வண்டின் புழு, ஏறக்குறைய மக்காச்சோள வேரை மட்டும் நம்பி வாழ்வது. அதற்கு ஒரு வருடம் வேறு பயிர் போட்டால் பெரும்பாலும் பட்டினியில் சாகும். ஆனால் அமெரிக்காவில் சில பகுதிகளில் அந்த வண்டு சோயா வயலில் முட்டையிடப் பழகிவிட்டது. கம்பிப்புழுவோ தானியம், கிழங்கு, புல் எதையும் தின்னும், வருடக்கணக்கில் காத்திருக்கும். ஒரு பருவம் வேறு தானியம் போட்டு அதை விரட்ட முடியாது.

அடுத்த பருவத்துக்கு நான் செய்ததை விவரமாகவே சொல்கிறேன், இதைத்தான் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். உழுது களையெல்லாம் போன பிறகு, விதைப்புக்கு மூன்று வாரம் முன்பு, மண்ணில் புழு இருக்கிறதா என்று இரை வைத்துப் பார்க்க, மருந்து கலக்காத மக்காச்சோளமும் கோதுமையும் சமமாக எடுத்து ஒரு நாள் ஊறவைத்தேன். பச்சை வேர் மண்ணில் இருந்தால் புழு இரைக்கு வராது, அதனால் களை இல்லாத தரை முக்கியம். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் ஆழக் குழியில் ஒரு பெரிய கைப்பிடி தானியம் போட்டு மண் மூடி, தண்ணீர் தேங்காமல் கூம்பாக்கி, மேலே கறுப்புப் பிளாஸ்டிக் தாள் போட்டு ஓரத்தில் மண் அணைத்து, குச்சி நட்டு எண் எழுதினேன். தாள் மண்ணைச் சூடாக்கும், தானியம் முளைக்கும்போது வெளிவிடும் கரியமில வாயுவைத் தேடிப் புழு வரும். ஏக்கருக்கு நாலு, ஆக மூன்று ஏக்கருக்குப் பன்னிரண்டு குழி. பன்னிரண்டாம் நாள் தோண்டி, மண்ணைச் சல்லடையில் சலித்து எண்ணினேன். குழிக்குச் சராசரியாக ஒரு புழு வந்தாலே விதையைப் பாதுகாக்காமல் விதைக்கக் கூடாது. எனக்கு ஏழு குழியில் ஒன்றுமில்லை, மூன்றில் ஒன்றிரண்டு, ஒன்பதாவதிலும் பதினொன்றாவதிலும் நாலும் ஆறும். மண் எலும்பாகக் காய்ந்திருக்கும்போது இதைச் செய்து 'ஒன்றுமில்லை' என்று ஏமாறாதீர்கள், ஈரம் வேண்டும்.

விதைக்குப் பூச்சி நேர்த்தி செய்துதான் போட்டேன். ஆனால் இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் வகை மருந்து கம்பிப்புழுவைப் பெரும்பாலும் கொல்வதில்லை, மயக்கத்தில் போடுகிறது. நாற்று தப்பும், புழு பிறகு தெளிந்து எழுந்து மண்ணிலேயே இருக்கும். அதனால் ஒரு வருடம் பயிர் நன்றாக வந்ததை வைத்துப் புழு ஒழிந்தது என்று முடிவு கட்டக் கூடாது. இந்த இரண்டு மருந்துகளையும் தேனீக்களுக்கு ஆபத்து என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் திறந்தவெளிப் பயன்பாட்டுக்குத் தடை செய்தது; விதைக்கும்போது கிளம்பும் தூசி பக்கத்துப் பூக்களில் படியாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை மக்கிய எருவில் கலந்து ஈரமண்ணில் போட்டுப் பார்த்தேன். உடனே பலன் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வேர்ப்புழுவில் பச்சைப் பூஞ்சை பூத்த ஒன்றிரண்டைத் தோண்டும்போது பார்த்தேன், கம்பிப்புழுவில் பார்க்கவில்லை. மண் சூடேறும்வரை பத்து நாள் பொறுத்து விதைத்தேன். அந்தப் பொறுமை மருந்துக்கு நிகராக உதவியது என்பது என் எண்ணம்.

ஒன்பது, பதினொன்று குழிகள் இருந்த மூலையை மட்டும் விதைக்காமல் விட்டு, பருவம் முழுக்க மாற்றி மாற்றி உழுதேன். ஒவ்வொரு உழவிலும் புழு மேலே வரும், பறவைகள் கலப்பைக்குப் பின்னாலேயே நடந்து பொறுக்கும். முதல் வருடம் இதே பறவைகளைத்தான் காவல் நின்று விரட்டினேன். இந்த வருடம் அந்த மூலையில் மட்டும் ஆறு குழி வைத்தேன். போன வாரம் தோண்டினேன்: மொத்தம் இரண்டு புழு. மழைக்குப் பிறகு ஒரு முறை இரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விதைப் பையைப் பிரிப்பேன்.